ஒரு குட்டையும் ஒரு பலசரக்குக் கடையும்

அமெரிக்காவில் நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது, கடைகளுக்குப் பின்னால் இருக்கும் குட்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலைக்கு. அப்போது நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். கணவருக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. நான் திருநெல்வேலியில் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, இங்கே வந்து நீரியலில் மேற்படிப்புப் படித்திருந்தேன். அணை கட்டுவேன், பாலம் கட்டுவேன் என்று கனவு கண்டவளிடம் முழங்கால் வரைக்கும் ஏறும் ரப்பர் பூட்ஸையும் ஒரு கேமராவையும் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். சதுப்பு, குட்டை போன்ற ஈரநிலத்தில் மண் கொட்டிக் கட்டடம் கட்ட வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். மூடிய நிலத்துக்கு ஈடாக இன்னோர் ஈரநிலத்தை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கட்டடக்காரர்கள் பலர் இதை மிகச் சுலபமாக முடித்துக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் எதற்கும் உதவாத மூலையில் ஒரு பள்ளம் தோண்டுவார்கள், நாலு செடி நடுவார்கள், சுற்றிலும் வேலி போடுவார்கள். சில வருஷங்கள் அது எப்படி இருக்கிறது என்று பார்த்து அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். அந்தப் பார்வையாளர் நான்.

பெரும்பாலும் அது நன்றாக இருக்காது. நட்ட செடியை மான் தின்றிருக்கும். மான் விட்டுவைத்ததை நாணல் விழுங்கியிருக்கும். ஒரு குட்டையில் தண்ணீரே இல்லை. இன்னொன்றில் தண்ணீர் இருந்தது, கூடவே தலைகுப்புறக் கிடந்த ஷாப்பிங் கார்ட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு கனடா வாத்து முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை நான் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் வெளியில் திரியும் வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. கணவர் கண்ணாடி போட்ட கட்டடத்துக்குள் மீட்டிங்கில் இருக்கும்போது நான் சேற்றில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு அவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்தது. லிவர்மோரில் வீடு பார்த்தோம். அங்கே ஒரு சின்னக் கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அதன் தலைவர் நரைத்த தாடிக்காரர். அதற்கு முன்பு அரசாங்கத்தில், அனுமதி கொடுக்கும் பிரிவில் இருந்தவர்.

“நியூ ஜெர்சில என்ன பண்ணினே?” என்று கேட்டார்.

“செத்த குட்டைகளைப் போட்டோ எடுத்தேன்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்தப் பக்கத்துல அந்த மாதிரிக் குட்டைக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தவனே நான்தான்” என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன கதையைத்தான் இன்றும் யாராவது கேட்டால் நான் திருப்பிச் சொல்கிறேன். சட்டம் முதலில் ‘ஈடு செய்’ என்று மட்டும் சொன்னது. செய்தது உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆள் போதவில்லை. முதலில் அலுத்துப்போனவை நெடுஞ்சாலைத் துறைகள். ரோடு போடும் இடமெல்லாம் ஒரு குட்டி ஈரநிலத்தை வைத்து மாரடிப்பதற்குப் பதிலாக, ஒரே இடத்தில் பெரிதாக ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்கிறோம், ரோடு போடப் போட அதிலிருந்து கழித்துக்கொள்கிறோம் என்று கேட்டன. சேர்த்துவைத்து எடுப்பதால் அதற்குப் பேங்க் என்றே பெயர் வந்தது. பிறகு தனியார் வந்தார்கள்; அவர்கள் தங்கள் ஈரநிலத்தின் பங்குகளைக் கிரெடிட் என்று பிறருக்கு விற்றார்கள். அழிந்துவரும் தவளைக்கும் பூச்சிக்கும் பூவுக்கும் இதையே செய்யலாமே என்று கலிபோர்னியா ஆரம்பித்தது. இதற்கிடையில் விஞ்ஞானிகள் கடைக்குப் பின்னால் இருக்கும் குட்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டு, பல தேறவில்லை என்று எழுதினார்கள். கடைசியில் மத்திய அரசே ஒரு விதி போட்டது: ஈடு செய்ய வேண்டுமென்றால், முதலில் அந்த வட்டாரத்துப் பேங்கில் கிரெடிட் இருக்கிறதா பார், பிறகு மற்றதை யோசி.

அப்படிப்பட்ட பேங்குகளை உருவாக்குவதுதான் அவருடைய கம்பெனியின் தொழில். வேலை கிடைத்ததும் திருநெல்வேலிக்குப் போன் போட்டேன்.

“பேங்க்லயா? ரொம்ப சந்தோஷம்” என்றாள் அம்மா. “கேஷியரா, ஆபீசரா?”

“தவளை பேங்க்மா.”

“வெளையாடாத.”

எவ்வளவு விளக்கியும் பயனில்லை. ஊர் முழுவதும் நான் அமெரிக்க பேங்கில் ஆபீசர் என்றே செய்தி பரவியது. அடுத்த மாதமே ஒரு சித்தப்பா மகன் எஜுகேஷன் லோன் கிடைக்குமா என்று மெசேஜ் அனுப்பினான்.

என்னைப் பொறுத்தவரை, அந்த வேலையில் கதை என்று சொல்லத்தக்கது ஒரு மாட்டுப் பண்ணையில்தான் நடந்தது. லிவர்மோருக்குக் கிழக்கே, காற்றாலைகள் சுற்றும் புல் மலைகளுக்கு அடியில் அந்தப் பண்ணை. அதை நடத்தியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். முன்னோர்கள் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள். கணவர் இறந்த பிறகும் மாட்டை விடவில்லை. யாராக இருந்தாலும் ‘ஹனி’ என்றுதான் கூப்பிடுவார், எங்கள் தலைவரையும்.

அவருடைய நிலத்தில், மாடு தண்ணீர் குடிப்பதற்காக எப்போதோ மண்கரை போட்டுத் தேக்கிய ஒரு குட்டை இருந்தது. அதில் புலி சாலமாண்டர் முட்டையிடும். கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டு. பார்த்தால் தடித்த பல்லி, இனத்தில் தவளைக்கு உறவு. அங்கத்து அணில் மரத்தில் இல்லை, தரையில் வளை தோண்டி வாழும்; சாலமாண்டர் வருஷத்தில் பெரும்பகுதி அந்த வளைக்குள்தான் தூங்கும். குளிர்கால மழை விழுந்ததும் வெளியே வந்து குட்டைக்கு நடக்கும். குஞ்சு வளர்ந்து கரையேறும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குள் வற்றிவிட்டால் அந்த வருஷக் குஞ்சுகள் அத்தனையும் போச்சு. நகரம் பெருகப் பெருக இப்படிப்பட்ட குட்டைகள் குறைந்துவிட்டதால் அந்தப் பிராணிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பண்ணைக்கார அம்மாளுக்கும் ஒரு கவலை இருந்தது. தனக்குப் பிறகு அந்த மலைச்சரிவில் வரிசையாக வீடுகள் வந்துவிடும் என்பது. எங்கள் யோசனை எளிது. இங்கே இனி என்றைக்கும் வீடு கட்ட மாட்டோம் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் அவருடையதாகவே இருக்கும். நாங்கள் கரையைப் பலப்படுத்தி, குட்டையை ஆழப்படுத்திப் பராமரிப்போம். கிரெடிட் விற்று வருவதில் அவருக்குப் பங்கு.

சமையலறை மேஜையில் எனக்கும் எங்கள் தலைவருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மாட்டை வெளியே அனுப்பணுமா?” என்றார்.

“வேண்டாம். மாடு கண்டிப்பா இருக்கணும்” என்றேன் நான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மட்டுமல்ல, அதிகாரிகளிலேயே சிலர் வேலி போட்டு மாட்டைத் தள்ளிவைத்தால்தான் இயற்கை பிழைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த சமயம் அது. நான் போனில் இருந்த இரண்டு படங்களைக் காட்டினேன். வேலி போட்ட குட்டையைச் சுற்றி இடுப்பளவு புல். அந்தப் புல்லே ஈரத்தை உறிஞ்சிவிட, தண்ணீர் சீக்கிரம் வற்றியிருந்தது. மாடு மேய்ந்த குட்டையில் தண்ணீர் பளபளத்தது.

“இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்!” என்று மேஜையைத் தட்டினார். அந்த மகிழ்ச்சியோடு கையெழுத்தே போட்டிருப்பார். அதற்குள் எங்கள் தலைவர், “அணிலையும் கொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

“அணிலையா?”

“அது தோண்டுற வளைதான் சாலமாண்டருக்கு வீடு.”

“எங்கப்பா காலத்துலேர்ந்து எங்களுக்கும் அணிலுக்கும் சண்டை, ஹனி. அந்தப் பொந்துல கால் வெச்சு என் கன்னுக்குட்டி கால ஒடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் காபியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

கிளம்பினோம். ஆனால் அடுத்த வாரம் நான் மட்டும் ஒரு வரைபடத்தோடு திரும்பிப் போனேன். வீடு, தொழுவம், கன்று நிற்கும் பட்டி எல்லாவற்றையும் பேங்க் நிலத்திலிருந்து பிரித்து ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் இஷ்டம், அந்தப் பக்கம் அணில் இஷ்டம். இருவரும் அந்தக் கோட்டின் வழியே நடந்தோம். ஓர் ஓக் மரத்தை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு மேட்டை விட்டுக்கொடுத்தார். நடந்து முடித்ததும் வரைபடத்தை மடித்து என் கையில் திணித்து, “எனக்குச் சம்மதம். இப்ப நீ போய் அணில்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார்.

அதிகாரிகளின் குழு வந்து பார்த்து, திருத்தி, மறுபடி திருத்தி, ஒருவழியாக பேங்க் பிறந்தது. பத்திரம் பதிவானதும் முதல் தவணைக் கிரெடிட்டுகளை விற்க அனுமதி வந்தது. அத்தனையையும் ஒரு நெடுஞ்சாலை வேலைக்காக வாங்கிப் போய்விட்டார்கள். அடுத்த தவணைக்கு நிபந்தனை வேறு: குட்டையில் தண்ணீர் நின்று, சாலமாண்டர் முட்டையிட்டு, குஞ்சு வளர்வதை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கடைக்கார அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பே ஏரியாவில் இரண்டு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் மூன்றாவது ஒன்றைத் திறப்பதற்காக ஃப்ரீவே ஓரமாக ஒரு மனை வாங்கியிருந்தார். எங்களைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். சோபாவில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

“பிள்ளை, நீர் அந்தத் தவளைக் கந்தோரிலையோ வேலை செய்யிறீர்?” யாழ்ப்பாணத்தில் ஆபீஸைக் கந்தோர் என்பார்கள்.

“ஆமா அங்கிள்.”

“அப்ப எனக்கு ஒண்டு சொல்லும். நான் காணி வேண்டேக்கை அங்கை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. இப்ப உது ஈரநிலமாம், உதிலை ஏதோ பிராணி வருமாம் எண்டு சொல்லுறாங்கள்.”

“நீங்க எந்த மாசம் வாங்கினீங்க?”

“ஆகஸ்டிலை.”

“ஆகஸ்ட்ல இந்த ஊர்ல எங்கயுமே தண்ணி இருக்காதே அங்கிள். ஜனவரில போய்ப் பாத்திருக்கணும்.”

அவர் தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். “கோர்ட் உதெல்லாம் தேவையில்லை எண்டு தீர்ப்புச் சொல்லிட்டுதாமே?”

“அது மத்திய சட்டத்துக்கு. கலிபோர்னியா தனியா ஒரு சட்டம் வெச்சிருக்கு. சாலமாண்டருக்கு அது வேற சட்டம்.”

“அதுக்குத் தனிச் சட்டமோ!” என்று நிமிர்ந்தார். “நான் அகதியா வரேக்கை எனக்கு இவ்வளவு சட்டம் இருக்கேல்லை, பிள்ளை!” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம்.

கிரெடிட் விற்பது எங்கள் கம்பெனி என்பதால் என்னால் அவருக்கு ஆலோசகராக இருக்க முடியாது, வேறு கம்பெனியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். விதி என்ன கேட்கும் என்பதை மட்டும் விளக்கினேன். முதலில் ஈரத்தைத் தொடாமல் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சேதத்தைக் குறைக்க வேண்டும். அதற்கும் மேலே மிஞ்சுவதற்குத்தான் கிரெடிட். அவருடைய ஆர்க்கிடெக்ட் கட்டடத்தை முன்னால் தள்ளி, கார் நிறுத்துமிடத்தைச் சுருக்கி, பின்பக்கம் தாழ்வான நிலத்தை அப்படியே விட்டார். மிஞ்சியதற்குக் கிரெடிட் வாங்க வேண்டும். வாங்கிய பிறகுதான் மண்வெட்டி தொடலாம். அவருடைய மனை இருந்த வட்டாரத்தில் கிரெடிட் விற்கக்கூடிய பேங்க் அப்போது எங்களுடையது ஒன்றுதான். அதிலும் கையிருப்பு இல்லை. ஆக, அங்கிளின் கடை சாலமாண்டர் முட்டையிடுவதற்காகக் காத்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மழையே இல்லை. குட்டையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது, வசந்தம் வருவதற்குள் மண் வெடித்துவிட்டது. நான் வாரா வாரம் போய் நிற்பேன். பண்ணைக்கார அம்மாள் டிரக்கை நிறுத்தி, “வானத்துக்கும் ஒரு பத்திரம் எழுதியிருக்கணும்” என்பார். கோடை முழுவதும் அங்கிளின் மனையில் ‘விரைவில்’ என்ற பலகை மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த குளிர்காலம் நெருங்கியதும் அங்கிள் மாறிப்போனார். முன்பு தவளைக் கந்தோர் என்று கேலி செய்தவர், இப்போது என்னைவிட அதிகமாக வானிலை பார்த்தார். “பசிபிக்கிலை ஒரு மேகக் கூட்டம் நிக்குது, கண்டனீரோ?” என்று காலையிலேயே போன் வரும். ஒருநாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தார்.

“யார் பேருக்கு அங்கிள் அர்ச்சனை?” என்றேன்.

“சாலமாண்டர் எண்டு ஐயரிட்டை எப்பிடிச் சொல்லுறது? என்ரை பேருக்குத்தான்.”

மழை வந்தது. வந்தது என்றால், நிற்கவே இல்லை. ஒரு புயல் போய்ச் சேர்வதற்குள் அடுத்தது வந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கிளின் பேத்தி பிறந்தநாளுக்காக நான் பட்டுப்புடவையும் கணவர் பட்டுவேட்டியுமாகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். போன் அடித்தது. பண்ணைக்கார அம்மாள்.

“ஹனி, தண்ணி கரை மேலே ஏறுது. கலிங்கு அடைச்சிருக்கு.”

கலிங்கு என்பது மிஞ்சிய தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையில் கல் பாவி விட்டிருக்கும் இடம். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மண்கரை மேல் வழியும். வழிந்தால் கரை கரையும். கரை போனால் குட்டை போச்சு. கணவர் உடனே காரைத் திருப்பினார்.

காற்றில் உருண்டு வந்த காய்ந்த முட்புதர்கள் கலிங்கு வாயில் குவிந்து, ஒரு சுவர் மாதிரி அடைத்திருந்தன. என் பூட்ஸ் எப்போதும் டிக்கியில் இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, பண்ணைக்கார அம்மாள் கொடுத்த வைக்கோல் வாரியை வாங்கிக்கொண்டார். அவருக்கு மீட்டிங்கில் உட்கார்ந்துதான் பழக்கம், எதையும் வாரிப் பழக்கமில்லை. ஆனால் அன்று வாரினார். நான் முட்புதரைப் பிரித்துவிட, அவர் இழுத்துப் போட, அம்மாள் டிராக்டரின் முன்கையால் மொத்தமாக அள்ளித் தள்ளினார். கடைசிக் குவியல் நகர்ந்ததும் தண்ணீர் ‘ஹோ’ என்று கலிங்கில் பாய்ந்தது. கரையோரம் நனைந்த மண் மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது.

“நல்ல டிரெஸ்” என்றார் அம்மாள், என் கணவரின் வேட்டியைப் பார்த்து. “காத்தோட்டமா இருக்கும் போல.”

பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேக் வெட்டி முடித்திருந்தார்கள். கதவைத் திறந்த அங்கிள் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“என்ன, கார் கவிண்டிட்டுதோ?”

“இல்ல அங்கிள். குட்டைக்குப் போயிட்டு வரோம். கரை தப்பிச்சிடுச்சு.”

அவர் சட்டென்று திரும்பி உள்ளே பார்த்துக் கூவினார்: “இஞ்சேரும், முதல்லை இவையளுக்குச் சாப்பாடு போடும்!” ஆன்ட்டி எனக்குத் தன் ஹவுஸ்கோட் ஒன்றைக் கொடுத்தார். பட்டுப்புடவைக்காரர்கள் நடுவில் பூப்போட்ட ஹவுஸ்கோட்டில் உட்கார்ந்து நான் கேக் சாப்பிட்டேன். கணவர், அங்கிளின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, முட்புதர் வாரிய கதையை அறை முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லப் புதர்கள் பெரிதாயின.

அதற்குப் பிறகு அங்கிளின் போனில் ஒரே கேள்விதான். “முட்டை வைச்சிட்டுதோ, பிள்ளை?”

வசந்தத்தில் அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண்; வலையும் வெள்ளைத் தட்டும் கொண்டு வந்திருந்தாள். அங்கிளும் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆன்ட்டியோடு, டிபன் கேரியர் நிறைய இறைச்சி அடைத்துப் பொரித்த ரோல்ஸும் பற்றிஸுமாக, பளபளக்கும் தோல் செருப்பில் வந்து இறங்கினார். மலை முழுக்கப் பச்சை. குட்டையின் ஓரத்தில் மஞ்சள் பூக்கள் வளையம் போட்டிருந்தன. மாடுகள் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தன.

அதிகாரி வலையை ஒரு முறை இழுத்தாள். இலைகளும் பூச்சிகளும்தான். இரண்டாம் முறையும் அப்படியே. அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். அடுத்த முறை வலையைத் தட்டில் கவிழ்த்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தட்டில் விரல் நீளத்துக்கு மூன்று குஞ்சுகள். கழுத்தின் இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள் அசைந்தன. அங்கிள் குனிந்தார், இன்னும் குனிந்தார்.

“உதுவோ?” என்றார் மெதுவாக. “உந்தச் சின்னனுக்காகவோ நான் ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன்?”

“ஆமா அங்கிள்.”

செவுள் அசைவதை இன்னொரு தரம் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு” என்றார்.

அப்படியே ஓர் அடி பின்னால் வைத்தவரின் கால் சேற்றில் புதைந்தது. இழுத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. பண்ணைக்கார அம்மாள் தோள் வரைக்கும் கையை விட்டு அதை மீட்டுக் கொடுத்தார். கைம்மாறாக அங்கிள் ஒரு மட்டன் ரோல் நீட்டினார். அம்மாள் அதைக் கடித்தார், கண்ணை மூடினார், இன்னொன்று கேட்டார். அன்றைக்கு டிபன் கேரியர் காலியாகத்தான் திரும்பியது. குஞ்சுகளை அதிகாரி எண்ணிக் குறித்துக்கொண்டு தண்ணீரில் விட்டாள்.

கிரெடிட் விடுவிக்கப்பட்டது, அங்கிள் வாங்கினார், கடை எழும்பியது. திறப்பு நாளில் பாதி லிவர்மோர் அங்கேதான் இருந்தது. கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று தரம் சுற்றி வந்த ஒரு மாமி, உள்ளே நுழையும்போதே அங்கிளைப் பிடித்துக்கொண்டார்.

“பின்னால அவ்ளோ இடம் சும்மாக் கிடக்கே, அதுல பார்க்கிங் போட்டிருக்கலாமே?”

“அது சும்மா கிடக்கேல்லை, மாமி” என்றார் அங்கிள், ரொம்ப நாள் தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரலில். “அதிலை குடியிருப்பு இருக்கு.” மாமியைப் பின்பக்க ஜன்னலுக்கே அழைத்துப் போய் அந்தத் தாழ்வான நிலத்தைக் காட்டி, ஈரநிலம் என்றால் என்ன, பேங்க் என்றால் என்ன, குஞ்சுக்குச் செவுள் எங்கே இருக்கும் என்பதெல்லாம் விளக்க ஆரம்பித்தார். மாமியின் கையில் இருந்த கொத்தமல்லிக்கட்டு வாடும்வரை விடவில்லை.

பண்ணைக்கார அம்மாளும் சுத்தமான தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். சூடான பண்டங்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல் வாங்கிக்கொண்டு அங்கிளிடம் கேட்டார்: “இதையே பீஃப்ல பண்ணித் தருவீங்களா? என்கிட்ட நல்ல மாடு இருக்கு.”

நெற்றியில் திருநீறோடு நின்ற அங்கிள் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அவசரமாக இன்னொரு தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

“கோழி இருக்கு” என்றார்.